கோத்தகிரியில் ஒரு சுவர்ப்பெட்டி ஏசி: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கோத்தகிரிக்காரர் ஒருவர் ஏசி வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். மார்கழியில் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுக்கும் ஊரில் அந்த இயந்திரத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்டதிலும் தவறில்லை. நான் வாங்கியது மனிதர்களுக்காக அல்ல. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஹட்டியின் (படகர் சிற்றூரின்) ஓரத்தில், எங்கள் கேபிள் டிவி மற்றும் இணைய இணைப்புத் தொழிலின் கண்ட்ரோல் ரூம் இருக்கிறது. பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி அறை. ஹாலோ பிளாக் சுவர். தகரக் கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகை. உள்ளே கருவிகள் அடுக்கிய இரண்டு ரேக்குகளும், ஒரு யூபிஎஸ்ஸும், அதற்குரிய பேட்டரிகளும் இரவு பகலாக இயங்குகின்றன. வெளியே எட்டு டிகிரி குளிர் நிலவும் தை மாத இரவிலும், குளிரூட்டல் நின்றுபோனால், இந்த அறை முப்பத்தைந்து டிகிரியைத் தொட்டுவிடும்.

முன்பு இரண்டு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசிகளை டைமர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டிவந்தோம். அவற்றைக் கெடுத்தது வெயிலோ மழையோ அல்ல, குரங்குகள். செம்புக் குழாயின் மேல் சுற்றிய கறுப்பு நுரை உறையைப் பிய்த்து எறிவதில் அவற்றுக்கு ஏதோ தனி இன்பம் இருக்கிறது. உறை போன குழாயில் நீர் கோக்கும். குழாயைப் பிடித்துத் தொங்கினால் இணைப்பு தளரும். இணைப்பு தளர்ந்தால் கேஸ் கசியும். ஆண்டுக்கு இரண்டு முறை கேஸ் நிரப்பினோம். ஒவ்வொரு முறையும் மெக்கானிக் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ சிலிண்டரும் வேக்யூம் பம்ப்பும் எடுத்துக்கொண்டு மலை ஏறிவர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சாலையில் மண் சரிந்தால் அவர் எப்போது வருவார் என்பதை யாரும் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தக் காரணத்தால்தான், செல்போன் கோபுரங்களின் அடியில் உள்ள கூண்டு அறைகளில் பயன்படுத்தும் வகையான, சுவரில் மாட்டும் பேக்கேஜ் ஏசியை நாடினோம். கம்ப்ரஸர், சூட்டை வெளியே விடும் கண்டென்சர், அறைக் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், விசிறி எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டி முழுவதும் சுவருக்கு வெளியே தொங்கும். சுவரில் மேலும் கீழுமாக இரண்டு செவ்வகத் திறப்புகள் மட்டும் வெட்ட வேண்டும். கீழ்த் திறப்பின் வழியாக அறையின் சூடான காற்று பெட்டிக்குள் போகும், மேல் திறப்பின் வழியாகக் குளிர்ந்த காற்று திரும்பி வரும். கேஸ் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்டிருப்பதால், பொருத்தும் இடத்தில் குழாய் இணைப்பதோ, வேக்யூம் போடுவதோ இல்லை. குரங்கு பிடித்து இழுக்க வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. விலை, அதே திறனுள்ள ஒரு நல்ல ஸ்பிளிட்டின் விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஆயிற்று. தயாரிப்பாளரின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறேன். ஏனெனில் நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பகுதி இயந்திரத்தைச் சேர்ந்தவை அல்ல. சமவெளியில் பழகிய கணக்கை அப்படியே மலைக்கு எடுத்துவந்ததால் விளைந்தவை.

முதல் கணக்கு டன் கணக்கு. விற்பனையாளர் அறையை நேரில் பார்க்காமலே, நூற்றிருபது சதுர அடிக்கு ஒரு டன், இயந்திரங்கள் இருப்பதால் இன்னொரு டன், ஆக இரண்டு டன் என்று விலைப்புள்ளி அனுப்பினார். கருவிகளின் அறைக்குச் சதுர அடிக் கணக்கு பொருந்தாது. ரேக் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும் என்பதால், யூபிஎஸ்ஸின் திரையில் தெரியும் வாட் எண்ணே உண்மையான அளவு. எங்களுடையது 2.3 கிலோவாட். யூபிஎஸ்ஸின் சொந்த இழப்பையும், கூரை வழியாக இறங்கும் வெயிலையும் சேர்த்தால் ஏறத்தாழ 3 கிலோவாட். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆகவே ஒரு டன்னுக்கும் குறைவான சுமைதான்.

இருந்தாலும் ஒரு டன் பெட்டியை வாங்காமல் ஒன்றரை டன்னைத் தேர்ந்ததற்குக் காரணம் உயரம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். விசிறி சுற்றும் வேகத்தில் மாற்றம் இல்லாவிட்டாலும், அது தள்ளும் காற்றின் எடை குறைவு. எடை குறைந்தால் அந்தக் காற்று சுமந்து செல்லும் வெப்பமும் குறைவு. ரேக்குக்குள் இருக்கும் சிறு விசிறிகளுக்கும் இதே நிலைதான். கணினி அறைகளுக்கு ஆஷ்ரே (ASHRAE) என்ற குளிரூட்டல் பொறியாளர்கள் அமைப்பு பரிந்துரைக்கும் வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி வரை. அதற்கு மேல் தற்காலிகமாக அனுமதிக்கும் உச்ச வரம்பை, 900 மீட்டருக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி வீதம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் உயரத்துக்கு அது மூன்று டிகிரி. இரண்டு டன் வாங்கியிருந்தாலோ, கம்ப்ரஸர் சில நிமிடங்கள் ஓடி அறையைக் குளிர்வித்துவிட்டு நிற்கும், பிறகு மீண்டும் கிளம்பும். அப்படி அடிக்கடி நின்று கிளம்புவதில் இயந்திரமும் தேயும், காற்றின் ஈரமும் சரியாக வடியாது.

பெட்டி மலையேறி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடை 140 கிலோவுக்குச் சற்று மேல். கம்ப்ரஸரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடக் கூடாது என்பதால் நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும் என்று அட்டையில் அம்புக்குறி போட்டிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரும் சாலையின் வளைவுகளில் பெட்டி ஆடுகிறது என்று பயந்த வேன் ஓட்டுநர், அதைப் படுக்க வைத்துக் கயிறு கட்டியே கொண்டுவந்து சேர்த்தார். வந்த அன்றே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று பொருத்த வந்தவர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் மறுத்து, ஒரு நாள் முழுவதும் நிமிர்த்தி நிறுத்தி வைத்த பிறகே இணைக்கச் சொன்னேன். சாலையிலிருந்து அறைக்கு இறங்கும் அறுபது படிகளில், தேயிலைத் தொழிற்சாலைக்கு இயந்திரம் தூக்கிப் பழகிய ஆறு பேர் மூங்கில் கட்டி அதை இறக்கினார்கள். முழு வேலையிலும் குறையே சொல்ல முடியாத பகுதி அதுதான்.

எந்தச் சுவரில் மாட்டுவது என்பதில் ஒரு பகல் கழிந்தது. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய எல்லா வீடுகளையும் போல, எங்கள் அறையின் பின்பக்கத்திலும் நான்கடி தள்ளிக் கருங்கல் தடுப்புச் சுவர் நிற்கிறது. யார் கண்ணிலும் படாது, மழையும் அடிக்காது என்று பொருத்துபவர்கள் அந்த இடுக்கைத்தான் விரும்பினார்கள். ஆனால், இந்த வகைப் பெட்டி பக்கவாட்டில் காற்றை உறிஞ்சி முன்புறமாகச் சூட்டை ஊதுகிறது. நான்கடியில் ஒரு கல்சுவர் நின்றால், ஊதிய சூடு அதில் மோதித் திரும்பி மீண்டும் பெட்டிக்குள்ளேயே போகும். கையேடு கேட்ட இடைவெளியும் அங்கே இல்லை. கிழக்குச் சுவரையும் விலக்கினோம். தொட்டபெட்டாத் தொடரின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால் கோத்தகிரிக்கு ஆனி, ஆடி மழை அவ்வளவாக எட்டுவதில்லை. வடகிழக்குப் பருவத்தில் வருவதுதான் எங்கள் பெருமழை, அது கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். தெற்குச் சுவரில் பனிக்காலம் முழுவதும் வெயில் விழும். கடைசியில் வடக்குச் சுவரே மிஞ்சியது. ஆனால், பக்கத்து வீட்டு அக்காவின் படுக்கையறை ஜன்னல் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹாலோ பிளாக் சுவரில் 140 கிலோவைத் தொங்கவிட முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஆங்கர் போல்ட் அடித்தால் பிடித்துக்கொள்ளும் என்றார் தலைமைப் பொருத்துநர். உள்ளே பொள்ளலாக இருக்கும் கல்லில் ஆங்கர் எதைப் பிடிக்கும்? தட்டிப் பார்த்தாலே மேளம் போல ஒலிக்கும் சுவர் அது. நான் உள்ளூர் வெல்டரை அழைத்து, தரையில் காங்கிரீட் பாதம் வைத்து எழுப்பிய ஆங்கிள் சட்டம் ஒன்றைச் செய்யச் சொன்னேன். பெட்டியின் எடை அந்தச் சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சுவரை ஊடுருவிப் போகும் நீண்ட போல்ட்டுகள், உள்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையோடு இணைந்து, பெட்டி முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் செய்கின்றன. இந்தச் சட்டத்துக்கான செலவை விலைப்புள்ளியில் யாரும் சேர்த்திருக்கவில்லை. பழைய பங்களாக்களில் உள்ள ஒன்றரை அடிக் கருங்கல் சுவராக இருந்தால் எடையைப் பற்றிய கவலை இருக்காது. மாறாக, திறப்பு வெட்டுவதும், அவ்வளவு தடிப்பைக் கடக்கும் தகரக் குழல் செய்வதும் பெரும்பாடாகிவிடும்.

திறப்புகளை வெட்டிய விதம்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைத்தது. வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலும் உளியுமாக வந்தார்கள். மேல் திறப்பை உடைக்கும்போது அதற்கு மேலிருந்த வரிசைக் கற்கள் இரண்டில் விரிசல் விழுந்தது. லின்டல் போல ஒரு ஆங்கிளைக் கொடுத்துத் தாங்கிய பிறகே உடைத்திருக்க வேண்டும் என்பது கொத்தனாரின் முதல் பாடம். விரிசலை அடைக்கவும், ரேக்குகளின் மேல் படிந்த சிமென்ட் தூசியைத் துடைக்கவும் இரண்டு நாள்கள் ஆயின. ரேக்குகளைத் தார்பாலின் போட்டு மூடி வையுங்கள் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டாம் நாள் மிஞ்சியிருக்கும். எனக்கே தோன்றாமல் போனதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதன் பின் நடந்த வேலை நன்றாகவே இருந்தது. சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் நுரைப் பட்டை, விளிம்பு முழுவதும் சிலிக்கான், பெட்டியின் தலைக்கு மேல் மழைநீரை வெளியே தள்ளும் தகர மடிப்பு என்று மூன்று அரண்கள் வைத்தார்கள். பக்கவாட்டில் ரசமட்டம் பார்த்தும், வெளிப்புறமாகச் சிறிதளவு சாய்வு கொடுத்தும் நிறுத்தினார்கள். வடிநீர்க் குழாயில் ஒரு வளைவு வைத்து, எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும்படி செய்தார்கள். விசிறியின் உறிஞ்சல் அந்தக் குழாய் வழியாகக் காற்றை உள்ளே இழுத்தால், தட்டில் சேர்ந்த நீர் வடியாமல் நிரம்பிவிடும் என்பதால் இந்த வளைவு அவசியம். வடகிழக்குப் பருவமழை முழுவதிலும் சுவருக்குள் ஒரு துளி ஈரம்கூட இறங்கவில்லை.

மின்சாரத்துக்கு, மீட்டர்ப் பலகையிலிருந்து தனியாக நான்கு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், சுமை மிகுந்தால் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி. சுவிட்சும், பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஐசோலேட்டரும் வைத்தோம். பழுது பார்க்க வருபவர் மின்சாரத்தைத் தன் கண் முன்னே துண்டிக்க முடிய வேண்டும். எங்கள் பகுதியில் குளிர்கால மாலைகளில் கீசர்களும் ஹீட்டர்களும் ஒன்றாகக் கிளம்புவதால் மின்னழுத்தம் 180 வரை இறங்கிவிடுகிறது. ஆகவே ஸ்டெபிலைசர் தவிர்க்க முடியாத செலவு. மின்சாரம் போய் வந்ததும் கம்ப்ரஸர் உடனே கிளம்பாமல் மூன்று நிமிடம் காத்திருக்கும் ஏற்பாடு பெட்டியிலேயே இருக்கிறது. சித்திரை இடி மழையை நினைத்து மின்னல் தடுப்புக் கருவியையும், புதிய எர்த் குழியையும் சேர்த்துக்கொண்டோம்.

இனி, இந்தப் பெட்டியை வாங்கத் தூண்டியதும், முதல் ஒன்பது மாதங்கள் எங்களைப் படுத்தியதும் ஆகிய உறுப்புக்கு வருகிறேன். எகானமைசர் என்று அதற்குப் பெயர். வெளிக்காற்று போதிய குளிர்ச்சியாக இருக்கும்போது, கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, ஒரு தகட்டு மடலைத் திறந்து, வெளிக்காற்றையே வடிகட்டி அறைக்குள் ஊதும் ஏற்பாடு. சென்னையில் இது ஏறக்குறைய அலங்காரம். கோத்தகிரியிலோ ஆண்டின் பெரும்பாலான நாள்களில், இரவு முழுவதும், பகலிலும் பல மணி நேரம், வெளிக்காற்று 20 டிகிரிக்குக் கீழேதான் இருக்கிறது. கம்ப்ரஸர் ஓடினால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட்டுக்கு மேல் செலவாகும். விசிறி மட்டும் ஓடினால் இருநூறு வாட் சொச்சம். ஆகவே மலைவாசிகளைப் பொறுத்தவரை இது கம்ப்ரஸர் பொருத்திய ஒரு விசிறிப்பெட்டி என்றே சொல்ல வேண்டும். கொடுத்த விலையில் பாதிக்கு மேல் அந்த மடலுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால், வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு விசித்திரம். மடல் திறந்த நேரங்களில் அறையின் கதவை மூட முடியவில்லை; தோளால் தள்ளினாலும் எதிர்த்தது. கதவிடுக்கில் விசில் சத்தம் கேட்டது. உள்ளே தள்ளப்படும் காற்று வெளியேற வழி வேண்டும். பெட்டியிலேயே அதற்கென ஒரு சிறிய வெளியேற்று மடல் இருக்கிறது. திறந்து பார்த்தபோது, பயணத்தில் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஒட்டிய பிளாஸ்டிக் நாடா அதன் மேல் அப்படியே இருந்தது. கிழித்து எறிந்தேன், கதவு அமைதியாக மூடிக்கொண்டது. பொருத்தி முடித்தவர்கள் கையெழுத்து வாங்கிய சரிபார்ப்புத் தாளில், நாடாக்கள் அகற்றப்பட்டன என்ற வரிக்கு எதிரே அழகாக ஒரு டிக் இருந்தது.

அது சின்ன விஷயம். ஐப்பசியில் நடந்தது பெரிய விஷயம். நான்கு நாள்களாக மேகம் ஊரை விட்டு விலகவில்லை, பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியவில்லை. வெளியே 14 டிகிரி. அந்த நிலையிலும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது; அறையின் வெப்பநிலையோ ஏறிக்கொண்டே போனது. முன் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், கூலிங் காயில் முழுவதும் வெள்ளைப் பனிக்கட்டி. இயந்திரத்தை நிறுத்தியதும் அது உருகி, தட்டு கொள்ளாமல் வழிந்து, பேட்டரிகள் இருக்கும் மூலை வரை ஓடிவந்தது.

தொலைபேசியில் பேசிய சேவைப் பிரிவினர் கேஸ் குறைந்திருக்கும் என்றார்கள். கேஸ் குறையவில்லை. எகானமைசரின் கட்டுப்பாட்டில், வெளிக்காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் மடல் மூடிக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். சமவெளியில் அது நியாயமான எச்சரிக்கை. 28 டிகிரியில் 80 சதவீதம் என்பது பிசுபிசுக்கும் காற்று. அதை ரேக் அறைக்குள் விடக் கூடாது. மலையில் மேகத்துக்குள் நிற்கும் காற்று எப்போதுமே நூறு சதவீதம்தான். ஆனால், 14 டிகிரியில் நூறு சதவீத ஈரம் கொண்ட காற்றை அறைக்குள் விட்டு 24 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 54 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிடும். காற்றில் உள்ள நீரின் அளவு மாறவில்லை. சூடான காற்றுக்குத் தாங்கும் வலு அதிகம் என்பதால் விகிதம் மட்டும் குறைகிறது. கருவிகளுக்கு அது மிக நல்ல நிலை. பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, பனி நிலையை. அதாவது எந்த வெப்பநிலையில் அந்தக் காற்றிலிருந்து நீர் துளிர்க்கத் தொடங்கும் என்பதை. ஆஷ்ரே பரிந்துரையில் அதன் மேல் வரம்பு 15 டிகிரி.

மடல் மூடிக்கொண்டதால் குளிர்ந்த வெளிச்சூழலில் கம்ப்ரஸரே வேலை செய்ய வேண்டி வந்தது. கண்டென்சர் மீது 14 டிகிரிக் காற்று வீசினால் கேஸின் அழுத்தம் மிகவும் இறங்கிவிடும். அழுத்தம் இறங்கினால் கூலிங் காயிலுக்குப் போதிய அளவு கேஸ் தள்ளப்படாது. உள்ள கொஞ்சம் கேஸும் உறைநிலைக்குக் கீழே போய்க் காயிலில் பனி கட்டும். இதைத் தடுக்க, அழுத்தத்துக்கு ஏற்ப வெளி விசிறியை நிறுத்தி ஓட்டும் ஒரு சிறு கருவி கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கடலோர ஊர்களுக்கு விற்றுப் பழகியவர்களுக்கு அது நினைவுக்கு வராததில் வியப்பில்லை. ஆனால், முகவரியில் நீலகிரி மாவட்டம் என்று எழுதியிருந்ததை அவர்களும் படித்திருப்பார்கள் அல்லவா?

கட்டுப்பாட்டுப் பலகையின் கடவுச்சொல்லை வாங்க மட்டும் பதினோரு நாள்கள் பிடித்தன. பிறகு சதவீத வரம்பை நீக்கிவிட்டு, வெளிக்காற்று 19 டிகிரிக்குக் கீழேயும் பனி நிலை 15 டிகிரிக்குக் கீழேயும் இருந்தால் மடல் திறக்கட்டும் என்று மாற்றினோம். அழுத்தக் கருவியையும் வாங்கிப் பொருத்தினோம். அதன்பின் ஒரு முறைகூடக் காயில் உறையவில்லை.

மின்கணக்கைச் சொன்னால் வித்தியாசம் விளங்கும். ஏசிக்கென்று தனியாக ஒரு துணை மீட்டர் வைத்திருக்கிறேன். ஸ்பிளிட்டுகள் ஓடிய காலத்தில் நாளொன்றுக்கு 24 அல்லது 25 யூனிட். புதிய பெட்டி, பழைய அமைப்பில், 19 யூனிட் வரை இழுத்தது. மாற்றிய பிறகு தை, மாசியில் நாளொன்றுக்கு 6 அல்லது 7 யூனிட்டில் நின்றது. சித்திரை வெயிலில் பகல் முழுவதும் கம்ப்ரஸர் ஓட வேண்டியிருப்பதால் 16 வரை ஏறுகிறது. அறை ஆண்டு முழுவதும் 24 டிகிரிக்குப் பக்கத்திலேயே இருப்பதில் பேட்டரிகளுக்குத்தான் பெரிய லாபம். மூடிய வகை ஈய அமில பேட்டரிகளின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு.

பராமரிப்பில் எதிர்பாராத ஒன்று பூச்சி. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் பெட்டி, அதனோடு விட்டில், ஈசல், சில்வர் ஓக் பூத்தூள் எல்லாவற்றையும் சேர்த்தே இழுக்கிறது. முதல் மழைக்குப் பின் ஒரே இரவில் ஃபில்டர் பழுப்பு நிறக் கம்பளமாகிவிட்டது. அறைக்கு வெளியே எரிந்த குழல் விளக்கை அணைத்தவுடன் பாதி தொல்லை தீர்ந்தது. மேகத்தின் நீர்த்துளிகள் படிவதால் காகித ஃபில்டர் ஊறிக் கிழிகிறது. கழுவிப் போடக்கூடிய வலை ஃபில்டர்கள் இரண்டு வாங்கி, பதினைந்து நாள்களுக்கு ஒரு முறை மாற்றிப் போடுகிறோம். பக்கவாட்டுத் தகட்டில் நான்கு திருகுகள். ஐந்து நிமிட வேலை. காயிலைக் கழுவுவது, வடிகுழாயைப் பார்ப்பது எல்லாம் ஆண்டுக்கு இரண்டு முறை உள்ளூர் எலக்ட்ரீஷியனே செய்துவிடுகிறார். கேஸ் பக்கம் யாரும் கை வைக்க வேண்டிய தேவை இதுவரை வரவில்லை. இந்தப் பெட்டியை வாங்கியதற்கான முதல் காரணம் நிறைவேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். குரங்குகள் சில நாள்கள் அதன் தலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிய்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டன.

ஓசை உண்மையான குறை. கம்ப்ரஸரும் இரண்டு விசிறிகளும் ஒரே தகரப் பெட்டிக்குள் இருப்பதால், ஸ்பிளிட்டின் அமைதியை எதிர்பார்க்கக் கூடாது. மலையில் இரவு எட்டு மணிக்கு மேல் வேறு சத்தமே இல்லாததால் சின்ன உறுமலும் தூரம் போகும். “தம்பி, ராத்திரி பூரா லாரி நிக்குற மாதிரியே இருக்கு” என்று பக்கத்து வீட்டு அக்கா முதல் மாதமே சொன்னார். சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையில் ரப்பர் அட்டைகள் வைத்ததில் அதிர்வு குறைந்தது. அமைப்பை மாற்றிய பின் இரவில் கம்ப்ரஸர் பெரும்பாலும் ஓடுவதில்லை என்பதால், மீதியும் தானாகவே குறைந்தது. வீட்டுத் தங்குமிடம் நடத்தும் நண்பர்கள் இருவர், விருந்தினர் அறைக்கு இதை மாட்டலாமா என்று கேட்டார்கள். படுக்கையறைக்கு இது ஏற்றதல்ல என்றே சொன்னேன்.

எனக்கு இருக்கும் வருத்தம் ஒன்றுதான். மரம் விழுந்து கம்பி அறுந்தால் எங்கள் ஹட்டியில் பத்து மணி நேரம் மின்சாரம் வராத நாள்கள் உண்டு. யூபிஎஸ் ரேக்குகளைத் தாங்கும்; ஏசியைத் தாங்காது. ஜெனரேட்டர் கிளம்பும் வரை அறை சூடாகிக்கொண்டே இருக்கும். வெளியே பதினைந்து டிகிரிக் காற்று சும்மா வீசிக்கொண்டிருக்கும்போது இது நடக்கிறது என்பதுதான் எரிச்சல். 48 வோல்ட் பேட்டரியில் நேரடியாக ஓடும் அவசர விசிறி கொண்ட மாதிரிகள் கோபுர அறைகளுக்கென்றே வருகின்றன. விலை கூடுதல் என்று அன்று நான் அதை விலக்கிவிட்டேன். பழைய ஸ்பிளிட்டுகளில் ஒன்றைக் கழற்றாமல் வைத்திருப்பதும், ஒற்றைப் பெட்டியை நம்பி நிற்பதில் உள்ள இந்த அச்சத்தினால்தான்.

கீழ்கோத்தகிரிப் பக்கம் எங்கள் இரண்டாவது அறை தயாராகிவருகிறது. அதற்கும் இதே தயாரிப்பைத்தான் வாங்கப்போகிறேன். அவசர விசிறி, அழுத்தக் கருவி, பனி நிலை உணரி மூன்றையும் ஆர்டரிலேயே எழுதிவிட்டேன், ஆங்கிள் சட்டத்துக்கு வெல்டரிடம் அளவும் கொடுத்துவிட்டேன். விற்பனையாளரின் விலைப்புள்ளி சென்ற வாரம் வந்தது. அறை நூறு சதுர அடி, யூபிஎஸ் திரையில் 1.6 கிலோவாட், இரண்டு டன் என்று எழுதியிருக்கிறார். நேரில் வந்து பார்த்த பிறகு புதிதாக எழுதி அனுப்புங்கள் என்று திருப்பியிருக்கிறேன்.